தப்புக்கு மட்டும்தான் அடி

திட்டுவதென்றால் உட்கார்ந்தே திட்டுங்கள் அக்கா. வெயிலில் நிற்க வேண்டாம். நீட் பரீட்சை முடிய இன்னும் நேரம் இருக்கிறது. அதுவரைக்கும் நின்றுகொண்டே ஒரு ஆளைத் திட்ட முடியாது. இந்தப் பக்கம் வாருங்கள், என் வலது பக்கம். இடது காது கேட்காது. அந்தப் பக்கம் நின்று எவ்வளவு நேரம் திட்டினீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. கொஞ்சம்தான் விழுந்தது. "பாவி" என்று ஒரு தடவை. "நீயெல்லாம் ஒரு அண்ணனா" என்று ஒரு தடவை.

அண்ணன்தான். கூடப் பிறந்தவன். பெயர் சரண்ராஜ். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி. எங்கள் வீடு என்றால் அப்பா வழி, அம்மா வழி எல்லாவற்றையும் சேர்த்து. பெருமைக்குச் சொல்லவில்லை. நான் படிக்காத ரவுடி இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். கேட்டில் நடந்ததைப் பார்த்த எல்லோரும் என்னை அப்படித்தான் பார்க்கிறார்கள்.

கேட்டில் நடந்தது என் தப்பு இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஹால் டிக்கெட்டோடு வந்த விதிமுறைகளை நான் ஒரு வரி விடாமல் படித்தேன். முழுக்கை போட்டு வருகிறவர்கள் சீக்கிரம் வர வேண்டும், சோதித்துவிட்டு உள்ளே விடுவார்கள் என்றுதான் புரிந்துகொண்டேன். அதனால்தான் எல்லோருக்கும் முன்னால் வந்து வரிசையில் முதல் ஆளாக நிறுத்தினேன். அந்த மேடம் கேட்கவில்லை. "முழுக்கை கூடாதும்மா, வெட்டணும்" என்று கத்தரிக்கோலை எடுத்தார். என் தங்கை மோனிஷா திரும்பி என்னைப் பார்த்தாள். நான், "மேடம், உள்ள ரூமுக்குக் கூட்டிட்டுப் போயி வெட்டுங்களேன்" என்றேன். "பின்னால வரிசையைப் பாருப்பா" என்று சொல்லி அங்கேயே வெட்டினார். ஒரு கை முடிந்ததும் நிறுத்திவிட்டார். கத்தரிக்கோல் அப்படியே நின்றது.

அப்போது நீங்கள்தானே கேட்டீர்கள், "என்ன பாப்பா இது, யாரு அடிச்சது?" என்று? அவள் சொன்னது உங்கள் காதில் சரியாக விழுந்ததா? "தப்பா எழுதுனதுக்கு" என்றாள். அடித்தது யார் என்று நீங்கள் கேட்டீர்கள். அவள் எதற்கு என்று சொன்னாள். சொல்லும்போது என்னை ஒரு பார்வை பார்த்தாள், அப்புறம் அடுத்த கையை அவளே நீட்டினாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. பரீட்சைக்குப் போகும் பெண் அப்படித்தான் இருக்க வேண்டும் அக்கா. அந்தத் தைரியம் சும்மா வராது.

அதற்குப் பிறகுதான் அந்த நீலச்சட்டைக்காரர் வந்து என் காலரைப் பிடித்தார். "பொம்பளப்புள்ளைய இப்படிப் பண்ணியிருக்கியே, மனுசனாடா நீ" என்று அறைந்தார். இரண்டு அறை. உதடு கிழிந்துவிட்டது, இங்கே. நான் திருப்பிக் கை ஓங்கவில்லை, அதைக் கவனித்தீர்களா? ஆனால் அவர் என்னை விட்டுவிட்டுத் தன் பையனிடம் போய் என்ன சொன்னார் என்று கேட்டீர்களா? "உள்ள போயி ஒழுங்கா எழுது. கோட்டை விட்டுட்டு வந்த, தோலை உரிச்சித் தொங்க விட்டுடுவேன்." அந்தப் பையன் தலையை ஆட்டிக்கொண்டே உள்ளே போனான். எனக்குச் சிரிப்பு வந்தது. உதடு வலித்ததால் சிரிக்கவில்லை.

போலீஸுக்குச் சொல்லப் போகிறீர்களா? சொல்லுங்கள். அவள் எழுதி முடித்து வெளியே வந்த பிறகு சொல்லுங்கள். இதற்கு நடுவில் யாராவது உள்ளே போய் அவளைக் கூப்பிட்டு விசாரித்தால் ஒரு வருஷம் போய்விடும். இது இரண்டாவது தடவை. மூன்றாவது கிடையாது என்று அப்பா சொல்லிவிட்டார். அப்பா சொன்னால் சொன்னதுதான்.

அவரைப் பற்றிச் சொன்னால்தான் என்னைப் பற்றி உங்களுக்குப் புரியும்.

தர்மபுரி தாண்டி பைபாஸ் ஓரத்தில் மாதப்பன் பஞ்சர் கடை என்றால் லாரிக்காரர்களுக்குத் தெரியும். முன்னால் கடை, பின்னால் வீடு. அப்பாவுக்கு எழுத்து தெரியாது. டயரில் இருக்கிற நம்பரைக்கூட உருவமாகத்தான் அடையாளம் வைத்திருப்பார். நான் எட்டாவது படிக்கும்போது அவர் விரல் ரிம்மில் மாட்டி நசுங்கிவிட்டது. பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் சின்னப் பையன், மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. அப்பா கையைப் பார்த்துவிட்டு, "மொதல்ல போயி இந்தக் கிரீஸைக் கழுவிட்டு வாய்யா" என்றார். அப்பா குழாயடியில் நின்று, நசுங்கின விரலைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினார். ரத்தமும் கிரீஸுமாக ஓடியது. கழுவிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "நீ டாக்டராவுற" என்றார். அவ்வளவுதான். அதற்கு மேல் அதில் பேச்சு கிடையாது.

எழுத்து தெரியாதவர், பிள்ளை படிக்கிறானா இல்லையா என்று எப்படிக் கண்டுபிடிப்பார்? சத்தத்தை வைத்துத்தான். பிளஸ் டூ முழுக்க நான் கடையில் உட்கார்ந்து சத்தம் போட்டுப் படிக்க வேண்டும். அவர் டயரைக் கழற்றிக்கொண்டிருப்பார். லாரி போகும், காற்றடிக்கிற கம்ப்ரஸர் ஓடும், அதையெல்லாம் தாண்டி என் சத்தம் அவருக்குக் கேட்க வேண்டும். சத்தம் நின்றால் அடி. புரிந்துகொள்ள ஒரு நிமிஷம் நிறுத்தினாலும் அடி. பழைய ட்யூபை நீளமாக வெட்டி ஒரு பட்டை வைத்திருந்தார். ரப்பர் பட்டை உடம்பில் சுற்றிக்கொள்ளும் அக்கா. முன்னால் நின்று அடித்தால் முதுகில் தடிக்கும்.

நான் சத்தத்தை நிறுத்தாமல் தூங்கக் கற்றுக்கொண்டேன். வாய் பாட்டுக்கு ஓடும். ஒருநாள் நாமக்கல் லாரிக்காரர் ஒருவர், "யோவ் மாதப்பா, உன் பையன் நான் வந்ததுலேர்ந்து ஒரே வரியையே ஓட்டிக்கிட்டு இருக்கான்யா. எங்கியோ மாட்டிக்கிச்சி, தட்டி விடு" என்று சிரித்தார். அப்பாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே வந்து தட்டினார். ஜாக்கி ராடு பிடிக்கிற கை. அந்தக் காதுதான் இது. கொய்ங் என்றது. அப்புறம் அது எதுவுமே சொல்லவில்லை.

அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு காது போதும்.

என் நீட் பரீட்சை முடிவு வந்தபோது நடந்ததுதான் மனதில் இருக்கிறது. பஞ்சர் கடையில் தண்ணீர்த் தொட்டி பார்த்திருப்பீர்கள். ட்யூபை முக்கினால் எங்கே ஓட்டையோ அங்கே குமிழ் வரும். மார்க்கைச் சொன்னேன். ஜெயித்திருக்கிறேனா என்று கேட்டார். இல்லை என்றேன். கடையில் இரண்டு டிரைவர், ஒரு கிளீனர். அவர்கள் முன்னால் என் பின்னங்கழுத்தைப் பிடித்துத் தொட்டியில் முக்கினார். "ஓட்டை எங்க இருக்குன்னு பாக்குறேன்" என்றார். வெளியே எடுத்தார். "இங்க இல்ல." மறுபடி முக்கினார். "இங்கயும் இல்ல." டிரைவர்கள் முதலில் சிரித்தார்கள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு அவரைப் பிடித்து இழுத்தார்கள். என் மூக்கில் இரண்டு நாள் பஞ்சர் ஒட்டுகிற ரப்பர் சொல்யூஷன் வாடை போகவில்லை.

நான் ஓடிப்போகவில்லை. மருந்து குடிக்கவில்லை. அரசுக் கலைக்கல்லூரியில் கெமிஸ்ட்ரி சேர்ந்து, முடித்து, தர்மபுரியிலேயே ஒரு கோச்சிங் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தேன். பாடம் எடுக்கிற வேலை இல்லை. பிள்ளைகளுக்குச் சந்தேகம் வந்தால் சொல்லிக்கொடுக்கிற வேலை. அங்கேதான் எனக்கு ஒரு விஷயம் விளங்கியது. அப்பா அடித்தது தப்பு இல்லை அக்கா. அடித்த முறைதான் தப்பு. அவர் சத்தத்துக்காக அடித்தார். நீட்டில் சத்தத்துக்கு மார்க் கிடையாது. விடைக்குத்தான் மார்க். சரியாக இருந்தால் நான்கு. தப்பாக இருந்தால் ஒன்று குறைப்பார்கள். எழுதாமல் விட்டால் கூடவும் கூடாது, குறையவும் குறையாது. படிக்காத மனிதருக்கு இது எப்படித் தெரியும்?

மோனிஷா போன வருஷம் முதல் தடவை எழுதினாள். கிடைக்கவில்லை. அவள் மேல் அப்பா ஒரு விரல்கூட வைக்கவில்லை. ஒரு விரல்! நான் தொட்டிப் பக்கம் பார்த்தேன், அவர் பார்க்கவேயில்லை. என்னைக் கடைக்குப் பின்னால் கூப்பிட்டார். "பொட்டப்புள்ள மேல நான் கை வைக்க மாட்டேன். மாதப்பன் அப்படிப்பட்டவன் கெடையாது. நீ படிச்சவன், நீ பாத்துக்க" என்று சொல்லிப் பட்டையை எடுத்து என் கையில் கொடுத்தார். அதே பட்டை. "அவ டாக்டராவலைன்னா, நீ படிச்சுக் கிழிச்சதுக்கு அர்த்தமே இல்ல" என்றார்.

பட்டையை நான் தொடவில்லை. அது காட்டுமிராண்டித்தனம். ஸ்டீல் ஸ்கேல்தான் எடுத்தேன்.

அப்படிப் பார்க்காதீர்கள். முழுதும் கேளுங்கள். ஆரம்பிப்பதற்கு முன்னால் அவளை உட்கார வைத்து விளக்கினேன். விளக்காமல் நான் எதையும் செய்வதில்லை. தினமும் ஒரு மாதிரித் தேர்வு, நிஜப் பரீட்சை மாதிரியே. தப்பான விடை ஒவ்வொன்றுக்கும் ஒரு அடி, முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில். விரலில் கிடையாது, அவள் எழுத வேண்டும். முகத்தில் கிடையாது, முகத்தில் அடிப்பது படிக்காதவர்கள் வேலை. தெரியாத கேள்வியை விட்டுவிட்டால் அடி இல்லை. பரீட்சையில் என்ன விதியோ அதேதான் வீட்டிலும். எனக்கு அப்பா இப்படி ஒரு விதி சொல்லியிருந்தால் நான் அவர் காலில் விழுந்திருப்பேன்.

அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சரியா எழுதுனா என்னா தருவ?" என்றாள்.

"சரியா எழுதுறது உன் கடமை."

"அப்போ தப்புக்கு மட்டும்தான் கணக்கா? நீ நீட்டுல வாங்குன மார்க்குக்கு இந்நேரம் உனக்குக் கையே இருந்திருக்காதுண்ணா."

சிரித்தாள். அவளுக்கு வாய் அதிகம், சின்ன வயதிலிருந்தே. பள்ளிக்கூடத்தில் பட்டிமன்றம் எல்லாம் பேசியிருக்கிறாள். அந்தச் சிரிப்புக்கு ஸ்கேலால் தோளில் ஒன்று போட்டேன். அது விதிக்குள் வராது, ஒத்துக்கொள்கிறேன். அது ஒன்று மட்டும்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. பிசிக்ஸில் சரியான விடையை எழுதிவிட்டு, அழித்து, தப்பான விடையை எழுதியிருந்தாள். தெரிந்த விடை அக்கா. கண்ணுக்கு முன்னால் நான்கு மார்க்கைக் கிணற்றில் போட்டிருக்கிறாள். எனக்கு என்ன ஆயிற்று என்று தெரியவில்லை, ஸ்கேல் திரும்பிவிட்டது. விளிம்பு பட்டுவிட்டது. நீங்கள் கேட்டில் பார்த்தீர்களே, இடது கையில் நீளமாக ஒன்று, அது அதுதான். ரத்தத்தைப் பார்த்ததும் அவள் என் கையைப் பிடித்துக் கடித்தாள். இங்கே பாருங்கள், பெருவிரலுக்குக் கீழே. பல் பல்லாகத் தெரிகிறது இல்லையா? விடவேயில்லை. விடுவிக்கத்தான் அவள் தலையைச் சுவரில் மோதினேன். மெதுவாகத்தான். அவள் காயத்துக்கு மருந்து வைத்துக் கட்டுப்போட்டதும் நான்தான். இதை அவள் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள்.

அன்றைக்கு அவள் போட்ட கூச்சலுக்கு அப்பா உள்ளே வரவில்லை. கம்ப்ரஸரைப் போட்டுவிட்டார். டயர் எதுவும் இல்லை, காற்றடிக்க லாரி எதுவும் நிற்கவில்லை. சும்மா ஓடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து நான் ஸ்கேலை எடுத்தால் அவர் கம்ப்ரஸரைப் போடுவார். அம்மாதான், "கம்ப்ரஸர் சத்தம் கேட்டாலே நான் கொல்லப்பக்கம் போயிடுறேன்டா" என்று புலம்புவார். ராத்திரியானால் அவள் கைக்குத் தேங்காயெண்ணெய் தடவிவிடுவார். என் முதுகுக்கும் அந்தக் காலத்தில் அதே எண்ணெய்தான் தடவினார். நான் அப்போது புலம்பல் எதையும் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னை விசாரிப்பார். "இந்த வாரம் தப்பு கூடிச்சா கொறஞ்சிச்சா?" அது ஒன்றுதான் அவருக்குப் புரியும். மார்க்கு, ரேங்க் எதுவும் தலைக்குள் ஏறாது. கூடியிருந்தால் எனக்கு விழும். ஆமாம், இப்போதும்தான். இத்தனை வயதில், வேலைக்குப் போகிறவனை, லாரிக்காரர்கள் முன்னால் செருப்பைக் கழற்றி அடிப்பார். "ஒரு பொட்டப்புள்ளயப் படிக்கவைக்கத் தெரியல, நீ என்ன வாத்தி?" நான் நிற்பேன். சட்டையைத் தட்டிக்கொண்டு உள்ளே போய் அடுத்த தேர்வை ஆரம்பிப்பேன். இதை அவளிடம் நான் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. அவளுக்கு ஜன்னலில் தெரியும், அது வேறு விஷயம்.

நீங்கள் கேட்பது எனக்குப் புரிகிறது. அடித்ததால் பலன் இருந்ததா என்றுதானே? இருந்தது. அதைத்தான் சொல்ல வருகிறேன், நீங்கள் நடுவில் நடுவில் தலையில் அடித்துக்கொள்கிறீர்கள்.

முதல் வாரங்களில் எல்லாக் கேள்வியையும் எழுதுவாள். தெரிந்தது, தெரியாதது, பாதி தெரிந்தது எல்லாவற்றையும். கண்ணை மூடிக்கொண்டு வட்டத்தைக் கறுப்பாக்குவாள். தப்பு அள்ளிக்கொண்டு வரும். அவள் கையைப் பார்த்தால் எனக்கே... ஆனால் வாரத்துக்கு வாரம் குறைந்தது. நான் சென்டரில் எத்தனையோ பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், இப்படி ஒழுங்காகத் தப்பு குறைந்த பிள்ளையைப் பார்த்ததில்லை. பொங்கலுக்கு முன்னால் பாதியாகிவிட்டது. அப்புறம் ஒரு கை விரலில் எண்ணுகிற அளவுக்கு வந்துவிட்டது. விட்ட கேள்விகள் கொஞ்சம் கூடின. அதனால் மொத்த மார்க் கொஞ்சம் இறங்கியது. அது பரவாயில்லை. முதலில் சுத்தமாக இருக்கட்டும், அப்புறம் மார்க்கை ஏற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். ஒரு கேள்வியில் பேனாவை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருப்பாள். வைப்பாள், எடுப்பாள். நல்லது, யோசிக்கிறாள் என்று பேசாமல் இருந்தேன்.

போன வாரம் கடைசித் தேர்வு. ஒரு தப்பு இல்லை! நான் மூன்று தடவை சரிபார்த்தேன். ஒன்றுகூட இல்லை. ஸ்கேலை எடுத்துப் பரண்மேல் போட்டேன். அப்பா என்னைக் கூப்பிட்டு, முதல் தடவையாக, தோளில் கைவைத்தார். அவள் கேட்ட ஐஸ்கிரீமை டவுனுக்குப் போய் வாங்கி வந்தேன். உருகிப்போய்த்தான் வந்தது. குடிக்கிற மாதிரி குடித்தாள். "பரீட்சையிலயும் இதே மாதிரி எழுதுனா அன்னைக்கும் ஐஸ்கிரீமாண்ணா?" என்றாள். எவ்வளவு நாள் கழித்துச் சிரித்தாள் தெரியுமா? வீட்டில் எல்லோரும் சிரித்தோம். ஒரு அடி கிடையாது, அந்த வாரம் முழுக்க. எங்கள் இரண்டு பேருக்குமே.

இருங்கள் அக்கா, போன் வருகிறது. அப்பா.

"ஆங், சொல்லுப்பா... போயிட்டா, போயிட்டா, எழுதிக்கிட்டு இருக்கா... இல்லப்பா, பிரச்சனை ஒண்ணும் இல்ல. வாசல்ல கொஞ்சம்... ஒண்ணும் இல்லப்பா... வந்ததும் சொல்றேன்... சரிப்பா. சரிப்பா."

கேட்டதா உங்களுக்கு? இவ்வளவு தள்ளியிருந்தும் கேட்டிருக்கும், அவர் போனில் பேச மாட்டார், கத்துவார். "ஒரு தப்பு வரட்டும், ரெண்டு பேரையும் ஒண்ணாத் தொட்டியில முக்கிடுறேன்" என்கிறார். அவளையும் சேர்த்துச் சொல்கிறார், பாருங்கள். இதுவரைக்கும் சொன்னதில்லை. சும்மா சொல்கிறார். பயமாக இருக்கிறது அவருக்கு. கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் என் மகள் டாக்டர் என்று சொல்லி வைத்துவிட்டார்.

எனக்குப் பயம் இல்லையா என்கிறீர்களா? எனக்கும்தான் இருக்கிறது. அவள் ஜெயித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் அக்கா. அந்தக் கையில் இருக்கிறது எல்லாம் மறைந்துவிடும். டாக்டரான பிறகு அவளே யாராவது கேட்டால், எங்கண்ணன்தான் என்னை இப்படிக் கொண்டுவந்தான் என்று சொல்லுவாள். சொல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஆனால் ஜெயிக்கவில்லை என்றால் அந்தத் தழும்பெல்லாம் சும்மா ஆகிவிடும். வெறும் அடியாக ஆகிவிடும். அப்புறம் நான் யார்? நீங்கள் கேட்டில் சொன்ன ஆள்தான்.

மணி அடிக்கிறது. எழுந்திருங்கள். உங்கள் பையனும் வருவான், வாருங்கள் முன்னால் போகலாம். தள்ளாதீர்கள் சார்... சார், தள்ளாதீர்கள்... எல்லாரும்தானே வந்திருக்கிறோம்... அதோ. அதோ வருகிறாள். பாருங்கள், கையை மூடிக்கொள்ளாமல் வருகிறாள். எல்லாரும் பார்க்கிறார்கள், அவள் பாட்டுக்கு வருகிறாள். முகத்தைப் பாருங்கள் அக்கா, நன்றாக எழுதியிருக்கிறாள். எனக்கு அந்த முகம் தெரியும்.

"மோனி! இங்க, இங்க. எப்படி எழுதுன?"

"ஒண்ணுகூட தப்பில்லண்ணா."

கேட்டீர்களா அக்கா? கேட்டீர்களா? ஒன்றுகூடத் தப்பில்லை! இப்போது கூப்பிடுங்கள் அந்த நீலச்சட்டைக்காரரை. இப்போது வந்து அறையச் சொல்லுங்கள்.

"உறுதியாத் தெரியுமா? பிசிக்ஸு?"

"பிசிக்ஸும் தப்பில்ல. கெமிஸ்ட்ரியும் தப்பில்ல. எதுலயும் தப்பே வராதுண்ணா. யாரு திருத்துனாலும் வராது."

"எத்தனை விட்ட?"

"எல்லாத்தையும்."

"...என்ன சொல்ற?"

"எல்லாத்தையும்ணா. பேரும் நம்பரும் மட்டும்தான் போட்டேன். மொத கேள்வி எனக்குத் தெரியும். நல்லாத் தெரியும். பேனாவைக்கூட வச்சிட்டேன். அப்புறம் எடுத்துட்டேன். அதுக்கப்புறம் ரொம்ப நிம்மதியா இருந்துச்சுண்ணா. ஃபேன் காத்து நல்லா வந்துச்சு. உக்காந்திருந்தேன்."

அக்கா, நீங்கள் ஏன் என் கையைப் பிடிக்கிறீர்கள்? நான் ஓங்கவில்லை. ஓங்கியிருக்கிறேனா? எனக்குத் தெரியவில்லை. விடுங்கள், அடிக்க மாட்டேன். எதற்கென்று அடிப்பது? விட்டதற்கு அடி கிடையாது. நான்தான் சொன்னேன், உட்கார வைத்து விளக்கிச் சொன்னேன். மோனி, நீ தள்ளி நில். நீ அக்கா பக்கம் நில்.

போன் அடிக்கிறது. அப்பா. எடுக்க வேண்டாம். மோனி, என் பாக்கெட்டிலிருந்து எடுக்காதே. எடுக்காதேம்மா, கொடு இப்படி...

"அப்பா? நான் மோனிதாம்ப்பா... ஆமாப்பா, வந்துட்டேன்... ஒண்ணுகூட தப்பில்லப்பா. சத்தியமா. ஒண்ணுகூட இல்ல."

கேட்கிறதா அக்கா? சிரிக்கிறார். கடையில் இருக்கிற எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்கிறார். "எம் பொண்ணு ஒண்ணுகூட தப்பு இல்லாம எழுதியிருக்காய்யா!" யாரோ கை தட்டுகிறார்கள். லாரி ஹாரன் அடிக்கிறார்கள், பாருங்கள், ஒன்றன்பின் ஒன்றாக அடிக்கிறார்கள். என் வாழ்நாளில் அவர் இப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

"அப்பா, இருப்பா. அண்ணன்கிட்ட தர்றேன். இந்தாண்ணா, பேசு. மீதிய நீ சொல்லு."